ஓட்டைக் கோணி

ஐப்பசி பிறந்ததும் பாகூரில் நான் தங்கியிருந்த அக்காள் வீட்டுக்குக் கரைக்காவல்காரர் வருவார். ஏரிக்கரை உடைந்தால் மண் நிரப்பி அடைக்க, வீடுவீடாகக் கோணி கேட்பார். பிரெஞ்சு சர்க்கார் மண்வெட்டி கொடுத்தது. கோணி ஊரார் பொறுப்பு. கரைக்காவலுக்குக் கூலி கிடையாது. நெட்டையான, முதுகு வளைந்த மனிதர். கொடுத்ததை விரித்துப் பார்க்காமல் ஓர் உதறு உதறி, நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார்.

ஒரு வருஷம் பொறுக்காமல் கேட்டேன். "இன்னாபா, இது பூரா ஓட்டை. பாத்து வாங்கக் கூடாதா?"

"ஓட்டைன்னு சொன்னா அடுத்த வருசம் இதுவும் வராதுங்க."

அந்தக் கார்த்திகையில் கரை உடைந்தது. கோணியில் நிரப்பிய மண் ஓட்டை வழியாகத் தண்ணீரோடு போயிற்று. அவர் தெரு கரைக்குக் கீழே இருந்தது. அவர் மனைவியின் உடலை வயலில் கண்டெடுத்தார்கள். மேட்டில் இருந்த எங்கள் தெருவுக்கு வெள்ளம் வரவில்லை.

அடுத்த ஐப்பசியிலும் வந்தார். அக்காள் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு கோணியைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்றுதான் அவர் விரித்துப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டார். பிறகு உதறி, நான்காக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.