ஆடி கழிந்து வந்த அறுப்பு மெஷின்

நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுவது என் புருஷனுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் ஓட்டியதெல்லாம் அடுத்தவன் மெஷின்தான். ஆந்திரா, மகாராஷ்டிரா, பஞ்சாப் என்று வருஷத்தில் பாதிக்கு மேல் வெளியூர். சொந்த ஊரான செஞ்சிக்கு வந்தால் பையைப் பிரிக்காமலே விருந்தாளி மாதிரி கிடப்பார். சொந்தமாக ஒரு பழைய மெஷின் வாங்கிவிட்டால் சிங்கவரம் பக்கமே அறுப்புக்கு விட்டுக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்றார். எனக்கு அது ஒன்றே போதும்.

பஞ்சாபில் ஒரு வியாபாரி வீடியோ காலில் மெஷினைக் காட்டினான். இவர் படத்தைப் பார்க்கவே இல்லை. போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் சத்தத்தைக் கேட்டார். "தே, சத்தம் இன்னா சுத்தமா இருக்குது பாரு" என்று என் காதிலும் வைத்தார். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நல்ல மெஷின் என்று தெரிந்துகொண்டேன். பேசி முடித்து, பணமும் அனுப்பி, ஏற்றிவர ட்ரெய்லரும் சொல்லியாயிற்று. நான் அவர் பையைத் துவைத்துப் பரணில் போட்டேன்.

அப்போதுதான் மாமியார் காலண்டரைப் பார்த்தார்.

"ஆடி பொறக்கப் போவுது. ஆடியில புது வண்டி வாசலுக்கு வரக்கூடாதுடா."

"அது பழசும்மா."

"நமக்குப் புதுசுதானே? ஆவணி பொறக்கட்டும். இன்னா அவசரம்?"

"அதுவரைக்கும் அவன் எடத்துல நிக்கிற வண்டிக்கு யாரு அத்தே காவல்?" என்று நான் கேட்டேன். "நீ சும்மா இரு" என்று அம்மாவும் பிள்ளையும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒற்றுமை இருக்கிறதே, அடேயப்பா! இவர் போன் போட்டு ட்ரெய்லரை நிறுத்திவிட்டார்.

ஆவணியில் மெஷின் வந்தது. தெருவில் கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்கிய இடங்களில் மூங்கில் கழியால் அதைத் தூக்கிப் பிடித்தபடி ட்ரெய்லருக்கு முன்னால் நடந்து வந்தார் இவர். எங்கள் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மாமியார் பூசணிக்காய் உடைத்தார். இவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கரும்புகை கக்கிக்கொண்டு இருமியது என்ஜின். சட்டென்று அணைத்துவிட்டார்.

"இது நான் கேட்ட என்ஜின் இல்ல" என்றார்.

ஆடி முழுக்க மெஷின் அங்கே கேட்பாரற்று நின்றதல்லவா? நல்ல என்ஜினைக் கழற்றிக்கொண்டு ஏதோ ஓட்டை என்ஜினை மாட்டி அனுப்பியிருக்கிறான், நாசமாய்ப் போனவன். போனில் கேட்டதற்கு, எடுத்துக்கொள் என்றபோது வேண்டாம் என்றது நீதானே என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். அதன் பிறகு எடுக்கவே இல்லை. யாரைச் சொல்லி நோவது?

மறுநாள் ட்ரெய்லர் காலியாகப் பஞ்சாபுக்குத் திரும்பத் தயாரானது. அந்த டிரைவருக்குத் தெரிந்த இடத்தில் மெஷின் ஓட்ட ஆள் வேண்டுமாம். இவர் பரணிலிருந்து பையை இறக்கினார். "சம்பாதிச்சாத்தான் வேற என்ஜின் மாட்ட முடியும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

டிரைவர் ஹாரன் அடித்தான். மாமியார் ஓடிவந்து வழியை மறித்துக்கொண்டார்.

"எமகண்டம்டா. முடிஞ்சதும் கெளம்பு."

இவரோ, சரிம்மா என்று, ஓடாத மெஷினின் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போடுகிறேன் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் இன்னும் போகவில்லை, என் கண்ணெதிரில்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். இந்த எமகண்டம் முடியவே கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.