சேப்பலின் பின்ஜன்னல்

மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். விடுதியின் சிறு தேவாலயமான சேப்பலுக்குள் நுழைந்ததும் சிவப்புத் தரை பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியது. "கட்டிய நாளிலிருந்து இந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது" என்று கூடியிருந்த பெற்றோர்களிடம் வார்டன் ஆங்கிலத்தில் பெருமை பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சிறுவயதில் அம்மா இங்கே பெருக்கித் துடைத்தவள். சனிக்கிழமைதோறும் இந்தத் தரையில் முட்டிபோட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளக்க வைப்பாள். எங்கள் ஈஜிபுரா வீடு முழுக்க அவள் சேலையின் பாலிஷ் வாசனைதான். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வேலைக்காரர்கள் உள்ளே வரக்கூடாது. கதவு திறந்துதான் இருந்தது, யார் இல்லையென்றது? பெஞ்சுகள் பாதி காலியாகக் கிடக்கும். நானும் அம்மாவும் பின்ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்போம்.

"நாம ஏம்மா உள்ள போகக்கூடாது?"

"இங்கயே நல்லா கேக்குதுடி."

இப்போது திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். அதே ஜன்னலுக்கு வெளியே, அதே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"உள்ள வாம்மா!" என்று கத்தினேன்.

"பரவால்லடி, இங்கயே நல்லா கேக்குது."

அவர் என்ன சொல்கிறார் என்று வார்டன் புன்னகையோடு கேட்டார்.

எல்லாப் பெற்றோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அவளும் இந்தச் சேப்பலின் வரலாற்றைத்தான் சொல்கிறாள்."