பலா மரத்தில் தொங்கிய என் போன்

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. தெஹியோவிட்டயிலிருந்து வரும் பாதை ரப்பர் மலைக்குள் வளைந்ததுமே போனில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். லயத்துக்கு மேலே, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மட்டும் நன்றாக எடுக்கும். அதனால் அங்கே நிற்கிற பலா மரத்தில்தான் பகலெல்லாம் எங்கள் போன்கள் தொங்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் சிலிசிலி பேக், மழை உள்ளே போகாமல் மேலே ஒரு முடிச்சு. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் போனைக் கொண்டுபோய்ப் பாலில் போட்டுக்கொள்ள முடியாது, வீட்டில் வைத்தாலும் பிரயோசனமில்லை.

மரத்தில் எது அடித்தாலும் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துப் பேசிவிடுவார். அது உதவி. மெசேஜ் வந்தால் வாசித்து, உரியவருக்குக் கேட்கும்படி கீழே சத்தம் போட்டுச் சொல்வார். யாருக்குக் கிளினிக் எந்த நாள், யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், எல்லாம் அப்படித்தான் எங்களுக்குத் தெரியவரும். போனுக்கு லொக் போட்டால், அப்படி என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று கேட்பார்கள். போட்டவர்களும் பேருக்குத்தான் போட்டிருந்தார்கள், யார் எப்படிக் கோடு இழுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் பெரட்டுக்களத்துக்குக் கீழே இருக்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். அன்றைக்குப் பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலே யாரோ நம்பர் சொல்கிற சத்தம் கேட்டது. லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்காதான். வெட்டின ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மரத்தடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு இலக்கமாக, இங்கிலீஷில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். யாருக்கோ ஏதோ நம்பர் வந்திருக்கிறது என்று நான் போத்தலைக் கவிழ்த்து வைத்தேன். லயம் முழுக்கத்தான் கேட்டது, ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

சாயந்திரம் போனை அவிழ்த்தபோது வாட்ஸ்அப் செத்துக் கிடந்தது. உங்கள் நம்பர் இந்தப் போனில் இல்லை என்று இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. சிக்னல் கோளாறு என்று நினைத்து ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். பேட்டரியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டினேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

எனக்கு அந்த வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு ஆள்தான் முக்கியம். என் தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். முதல் வீடு சரிவரவில்லை என்று ஏஜென்சிக்காரர்கள் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது எந்தத் தெரு, யாருடைய வீடு என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் ஏஜென்சியில், "நல்ல வீடுதான், பயப்படாதீங்க" என்பதோடு சரி. அவளிடம் போன் இருப்பதே அந்த வீட்டு மேடத்துக்குத் தெரியாது. மத்தியானம் மேடம் தூங்கும்போது எடுத்து எனக்கு ஒரு வார்த்தை போடுவாள், திரும்ப மறைத்துவிடுவாள். நான் அவளுக்குக் கோல் எடுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள், சத்தம் கேட்டால் பிடுங்கிவிடுவார்களாம். ஆக, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குக் காட்ட இருந்தது அந்த ஒரு நம்பர் மட்டும்தான்.

மறுநாளும் போன் அப்படியே கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிள்ளையைத் தொட்டிலில் போடுவேன், மேலே ஏறிப் போய்ப் பார்ப்பேன், திரும்ப வந்தால் இன்னொன்று ஈரத்தில் கிடக்கும். அதற்கும் மறுநாள் காலையில் பிள்ளையை விட வந்த ஒரு தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க எதுக்கு என்கிட்ட கோட் கேக்குறீங்க?" என்றாள்.

"நான் என்னத்தக் கேட்டேன்?"

அவள் போனைக் காட்டினாள். என் பெயர், என் படம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த படம். அதற்குக் கீழே, உங்கள் நம்பருக்கு ஒரு கோட் வரும், தெரியாமல் அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சொல்லுங்கள் என்று இருந்தது. நான் ஒருநாளும் 'கொஞ்சம்' போட்டு யாரிடமும் பேசினதில்லை. என் பெயரில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் கை நீட்டுகிறான், நான் இங்கே பீத்துணி அலசிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் காம்பரா அக்காவைப் பிடித்தேன்.

"ஒரு தம்பி உன் போனுக்குக் கோல் எடுத்தாரு," என்றாள். "கோயில் திருவிழா குரூப்புல உன்னச் சேக்குறாங்களாம். ஒரு நம்பர் வரும், சொல்லுங்கன்னாரு. வந்துச்சு, சொன்னேன். மரியாதையாத்தான் பேசுனாரு."

அந்த எஸ்.எம்.எஸ்ஸைத் தேடி எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "யாருக்கும் சொல்லாதேன்னு இதுலயே போட்டிருக்குக்கா."

"அது உனக்குத்தானே போட்டிருக்கு. எனக்கா போட்டிருக்கு?"

அவளோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. என் தலைக்குள் ஒன்றுதான் ஓடியது. இன்றைக்கும் மத்தியானம் தங்கச்சி போனை எடுப்பாள். அக்கா என்று கூப்பிடுவாள். அவன் பதில் போடுவான். அக்கா கேட்டால் அவள் கோட் நம்பரைச் சொல்லிவிடுவாள், அக்கா கேட்டு அவள் எதைத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள்? அப்புறம் அவளுடைய வாட்ஸ்அப்பும் போய்விடும். அதை மீட்டுக் கொடுக்க அங்கே அவளுக்குக் கடையில்லை, கேட்க ஆளில்லை, வெளியிலேயே விடமாட்டார்கள். பிறகு அவளை நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

பிள்ளைகளை அந்த அக்கா தலையில் கட்டிவிட்டு ஓடினேன். பஸ் வளைவுக்கு வளைவு நின்றது. ஏறுகிற ஒவ்வொருவரையும் எனக்கு அறையலாம் போலிருந்தது.

தெஹியோவிட்டயில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஐயாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் சொல்லி முடிக்குமுன்பே அவர் போனை வாங்கி, "கோட் எக்க துன்னாத?" என்று கேட்டார். நம்பரைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்களா என்றுதான். நானில்லை, அக்கா கொடுத்தாள் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

என் நம்பரைப் போட்டுத் திரும்பப் பதிந்தார். எஸ்.எம்.எஸ் வந்தது, போட்டார். உடனே அது இன்னொரு நம்பர் கேட்டது. அந்தத் திருடன் உள்ளே போனதும் தன் கையால் ஒரு பின் நம்பர் போட்டுப் பூட்டியிருக்கிறானாம். அது தெரியாமல் ஒரு வாரத்துக்கு நானும் உள்ளே போக முடியாது.

"அப்ப அவன்?" என்று கேட்டேன்.

"அவன் இப்பவே வெளிய போயிட்டான்" என்று சிங்களத்தில் சொன்னார். பழைய பேச்சும் அவன் கைக்குப் போயிருக்காது, அவன் நுழைந்த பிறகு வந்ததை மட்டும் பார்த்திருப்பான் என்றார். அந்தப் பூட்டை நீங்கள் முதலிலேயே போட்டிருந்தால் கோட் கிடைத்தும் அவனால் நுழைந்திருக்க முடியாது என்றும் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் வீட்டுக்குள் திருடன் வந்து, நான் போடாத பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எரிச்சலில் அழுகை வந்தது. கடையில் நின்று அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

மலைக்குத் திரும்பியதும் பலா மரத்திலிருந்து அந்த அக்காவின் போனை எடுத்து, தங்கச்சியின் நம்பரை ஏற்றி, "நான்தான்டி, அக்கா. இது பக்கத்துக் காம்பரா அக்கா போன். யார் கோட் கேட்டாலும் குடுக்காத" என்று போட்டேன்.

இங்கே சாயந்திரம், குவைத்தில் அப்போதுதான் மத்தியானம். மரத்தடியிலேயே நின்றேன். நின்றேன் என்று சொல்கிறேன், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. பிறகு வந்தது.

"யாரு நீங்க? புது நம்பர்ல இருந்து அக்கான்னு யாரு வந்தாலும் நம்பாதன்னு எங்க அக்கா சொல்லி அனுப்பியிருக்கா."

சொன்னது நான்தான். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் அவள் உள்ளே போகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குரலை அனுப்பினேன். "குரலையும் இப்ப பொய்யா செஞ்சிர்றாங்களாம்" என்று எழுதினாள். அவ்வளவுதான், எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. மறுபடியும் குரலிலேயே அனுப்பினேன்.

"அடி எருமமாடே, மூணு நாளா சோறு தண்ணியில்லாம பைத்தியக்காரி மாதிரி அலையிறேன், நீ அங்க ஒக்காந்துக்கிட்டு என்னைய யாருன்னு கேக்குறியா? ஒனக்குப் பேன் பாத்த கைடி இது. இங்க வா, வந்து கேளு, பல்லப் பேக்குறேன்."

பெரட்டுக்களத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போன் அதிர்ந்தது. அவளே கோல் எடுத்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள், சிரிக்கவும் செய்தாள்.

"நீதான்க்கா. இப்படி ஏசுறதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"கோட் குடுத்தியா?"

"இல்ல. முந்தாநாளே தெரிஞ்சிருச்சு, அது நீ இல்லன்னு."

"எப்படி?"

"சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. ஒடம்பு எப்படியிருக்கு, வேல கஷ்டமா, பத்திரமா இரு தங்கம்னு போட்டுச்சு. நீ என்னிக்குக்கா அப்படிக் கேட்ட?"

சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்பதுதான் ஆறுதல்.

"தெரிஞ்சும் ஏன்டி பதில் போட்ட?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கோட் கேட்டதுக்குப் போடலக்கா. சாப்பிட்டியான்னு கேட்டதுக்கு மட்டும் போட்டேன். நேத்தும் போட்டேன். இங்க யாரும் கேக்குறதில்ல."

என்ன சாப்பிட்டாய் என்று நான் அப்போது கேட்டிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"திருடன்கிட்ட என்னடி பேச்சு? மொதல்ல அந்த நம்பர ப்ளொக் பண்ணு."

"எப்படிக்கா பண்றது?" என்றாள். "அது உன் நம்பராச்சே."