அணைச் சரிவில் நின்ற முருங்கை

பத்து காவான் என்கிற ஊரில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மண் அணை இருக்கிறது. பெரிய அணை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆள் உயரம், மேலே புல். அடைமழையில் ஓடை பெருகினால் தண்ணீரை அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். அதன் சரிவில் என் வீட்டுக்காரர் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினார். மண் அணையில் மரம் கூடாது, வேர் அழுகினால் அந்த வழியே தண்ணீர் வந்துவிடும் என்று அணையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். "முருங்கைதானே லா, தேக்கா வெச்சேன்?" என்று இவர் சிரித்தே அனுப்பிவிடுவார்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே வெட்ட ஆள் வந்தது. அடிக்கட்டையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அழுதேன். "வேரோட தோண்டணும்கா, இல்லன்னா எனக்குத்தான் ஏச்சு" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டையை விட்டுப் போனார்.

நான் கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் மகளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிறுதோறும் கடல் பாலம் தாண்டிப் போவேன். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்களே, ஒடிக்க ஒடிக்கத் துளிர்த்தது. ஒரு பிடி கீரையோடு திரும்புவேன். மகள் முகம் சுளிப்பாள், சுளித்தால் சுளிக்கட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. பக்கத்து வீட்டுத் தங்கச்சி தன் பின்வாசலில் பலகை போட்டிருந்தாள். நல்ல வெயில், ஆனால் பலகைக்குக் கீழே சொதசொதவென்று ஈரம். நிமிர்ந்தேன். நேர் மேலே என் கட்டை.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா கசியுதுக்கா. விடுங்க."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? அண்ணன் வெச்ச மரம். வாராவாரம் வந்து அதத் தொட்டுப் பாத்துட்டுப் போறீங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வரிசையில எல்லாரும் பேசி வெச்சிருந்தோம்."

எனக்கு வந்ததே கோபம்! "பிள்ளைங்கள வெச்சிக்கிட்டு எனக்குப் பாவம் பாக்குறீங்களா? அணை உடைஞ்சா உங்கண்ணனா வந்து தூக்குவாரு?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடித்து அவள் தோளிலேயே சாய்ந்து அழுதேன். திங்கள் காலை நானே போன் அடித்து ஆளைக் கூப்பிட்டேன்.

தோண்டினார்கள். கை மொத்தத்துக்கு வேர், உள்ளே கூழாகியிருந்தது. பாதி அணை வரை போய்விட்டதாம். அந்தக் குழியில் களிமண் போட்டு இடித்து இறுக்கினார்கள். அந்தக் கட்டையில் துளிர்த்திருந்த ஒரு கொம்பை அவர்களிடம் வாங்கி வந்து மகள் வீட்டுத் தொட்டியில் வைத்தேன். வேர் பிடிக்கவில்லை.

முந்தாநாள் பேய்மழை. நேற்று வெயில் வந்ததும் தங்கச்சிக்குப் போன் அடித்து, பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் தண்ணி நெறைய நிக்குதுக்கா. நம்ம பக்கம் காஞ்சி கெடக்கு. ஒரு சொட்டுக் கசிவு இல்ல."

"நல்லதுடி" என்றேன். நல்லதுதான். ஆனால் அவர் அங்கே இருந்ததற்கு அந்த ஈரம்தான் கடைசியாக மிச்சமிருந்தது. போனை வைத்துவிட்டு, மகள் வேலை முடிந்து வரும்வரை அழுதுகொண்டிருந்தேன்.