வீடு மாறி வந்த பிள்ளை

கடவுளிடம் எதையும் மொட்டையாகக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. விபரமாகச் சொல்லிவிட வேண்டும். என் மச்சாளுக்கு, கணவரின் தங்கைக்கு, ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோதும் அப்படித்தான். ஆணோ பெண்ணோ உமது விருப்பம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். ஆனால் மார்கழி மாதம் மட்டும் வேண்டாம், அவள் இருக்கும் கப்பல்துறையில் மழை பிடித்தால் ஒழுங்கைக்குள் ஆட்டோ வராது, பங்குனி சித்திரை என்றால் எல்லோருக்கும் வசதி என்றும் சொல்லிவைத்தேன். கடைசியில் "உமது சித்தப்படியே ஆகட்டும்" என்று சேர்த்துக்கொள்வேன்.

"எல்லாத்தையும் நீரே முடிவெடுத்துப்போட்டு, சித்தம் மட்டும் அவருக்கோ?" என்று என் கணவர் கேட்பார். அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கை கெட்டிக்காரக் கை, வாய் அதைவிடக் கெட்டிக்கார வாய்.

மச்சாளுக்குக் கலியாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. கொழும்பு வரைக்கும் போய் டொக்டர்மாரைப் பார்த்தாகிவிட்டது. இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவள் அதிகம் கதைக்காத ஆள். ஆகவே அவளுக்காகக் கதைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவள் என்னிடம் அதைத் தந்தாளா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் கோயில் பங்கில் கிழமைக்கு ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவோம். முடிவில் அவரவர் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். என் முறை வந்தால் மச்சாளின் பெயர், ஊர் எல்லாம் சொல்லி மன்றாடுவேன். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பஸ்ஸில் வருவாள், நான் அவளைக் கூட்டிக்கொண்டு கோயிலில் நவநாள் செபத்துக்குப் போவேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீனும் கிடையாது. வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனை நிறுத்துவது லேசான தவமா?

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில், வழக்கமாக வரும் மீன்காரரோடு நான் சண்டை பிடித்தேன். பாரை மீன் நாறுகிறது, பழசைக் கொண்டுவந்து தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். விடியப் பிடித்த மீன் என்று அவர் சத்தியம் பண்ணினார். பிறகு தேங்காய் எண்ணெய் நாறியது. சவர்க்காரம் நாறியது. நாற்பது தாண்டிவிட்டது, எல்லாம் நிற்கிற காலம், அதுதான் உடம்பு படுத்துகிறது என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். கடைசியில் கணவர்தான் பிடித்த பிடியாக டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் சின்னப் பெண். ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பி, "அம்மா, பிள்ளை நல்லா இருக்கு," என்றாள்.

"ஆருடைய பிள்ளை?" என்று கேட்டேன்.

வெளியே வந்து கணவரிடம் சொன்னதும், அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். "இவ்வளவு விபரமாச் சொல்லியும் வீடு மாறிப் போச்சுதே!" என்றார். காத்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வெட்கம் இரண்டு நாளில் போய்விட்டது. சந்தோஷமும் மெல்ல எட்டிப் பார்த்தது. ஆனால் மச்சாளை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவளுக்கென்று கேட்டதை நான் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன். கூடப்பிறந்த சகோதரி எனக்கில்லை, அந்த இடத்தில் இருந்தவள் அவள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்தப் பிள்ளையை நான் எந்த மனத்தோடு பெறுவேன்?

நேரே கோயிலுக்குப் போனேன். ஒருவரும் இல்லாத நேரம். "உமக்கு விலாசம் தெரியாதோ? நான் எத்தனை தரம் சொன்னனான்? கேட்டவளுக்குக் குடுக்காமல் கேளாதவளுக்குக் குடுக்கிறது என்ன நியாயம்?" என்று வாய்விட்டே கேட்டேன். வெளியே வந்தால் மதிலோரம், எங்கள் ஊரில் மாடுபோலத் தெருவில் திரிகிற மான்களில் இரண்டு யாரோ போட்ட வாழைப்பழத் தோலைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு பொய்கள் தொடங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கால் நோவு. அடுத்தது, வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அதற்கடுத்தது வயிற்றில் வாய்வு, எழும்ப ஏலாது என்று ஃபோனில் சொன்னேன். அன்றைக்கு மச்சாள் நவநாளை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். எழும்ப ஏலாத நான் குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றேன். அவள் ஒரு போத்தல் ஓமத் தண்ணீரை மேசையில் வைத்தாள்.

"டொக்டரைக் கேட்டுட்டுக் குடியுங்கோ மச்சாள். மாசமா இருக்கிற ஆக்கள் கண்டதையும் குடிக்கக் கூடாது."

என் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அண்ணா இப்ப ஃபோன் எடுத்தால் வெயிலைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறார். அந்த மனிசனுக்குப் பொய் சொல்ல ஏலாது. நீங்கள் மீன்காரரை ஏசின கதையும் வந்தது."

"என்னிலை கோபமோ?"

"ஓம், கோபம்தான். பிள்ளைக்கில்லை, எனக்கு ஒளிச்சதுக்கு. இவளுக்குத் தாங்க ஏலாது எண்டு நீங்களே முடிவெடுத்துப்போட்டீங்கள்." போத்தலைத் தள்ளி வைத்தாள். "பொறாமையும் இருக்குத்தான். அதை நான் பாத்துக்கொள்ளுறன். பஸ்ஸிலை வரேக்கை அழுது முடிச்சிட்டன். இனி அழ ஏலாது, கண் எரியுது."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. மிச்ச அழுகையை நான் அழுதேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்பை நிற்பாட்டினாள், வெங்காயம் கருகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அவளுடைய ஆட்சி. நான் எதைத் தின்ன வேண்டும், எவ்வளவு நேரம் படுக்க வேண்டும் என்பதெல்லாம் கப்பல்துறையிலிருந்து உத்தரவாக வரும். பிள்ளை பிறந்தது மார்கழியில், கொட்டுகிற மழையில். ஆட்டோ நனைந்து நின்றுவிட, கணவர் அதையும் இறங்கித் திருத்தினார். திருத்தி முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பெண்பிள்ளை. ஞானஸ்நானத்தின்போது மச்சாள்தான் ஞானத்தாயாக நின்று ஏந்தினாள்.

அன்றைக்கு வந்த பெண்கள் எல்லோரும் "எல்லாம் ஆண்டவருடைய திட்டம்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளை கையில் இருக்கிற எனக்கு அதை நம்புவது பெரிய காரியமில்லை. நான் கேட்டே இருக்கமாட்டாத ஒருத்தி இன்றைக்கு வீடு முழுக்க ஓடித் திரிகிறாள். என் திட்டம் பலித்திருந்தால் இவள் இல்லை என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனால் மச்சாளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அவளுக்கு முன்னால் அந்த வசனத்தை நான் சொன்னதேயில்லை. அவளுக்காகச் செபிக்கும்போது மாதம், ஒழுங்கை, ஆட்டோ ஒன்றையும் இழுப்பதில்லை. அவளை நீர் பார்த்துக்கொள்ளும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னைப்போல் ஆளுக்கு அங்கே நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நவநாள் முடிந்து மூன்று பேரும் மச்சாளின் கப்பல்துறை பஸ்ஸுக்கு நின்றோம். மகள் இப்போது முதலாம் வகுப்பு. மச்சாள் வாங்கிக் கொடுத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். இத்தனை காலம் கேட்கத் துணியாததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"உமக்கு ஆண்டவரோடை கோபமில்லையே?"

மச்சாள் குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"இருக்கு. நல்லா இருக்கு. அதைச் சொல்லத்தானே கிழமைக்குக் கிழமை வாறன்," என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தாங்கள் நம்பாத ஆளோடை ஆராவது கோவிப்பினமே, மச்சாள்?"

அதற்குள் பஸ் வந்தது. மகள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று கீழே நின்று கத்தினேன், இரண்டு பேரும் கேட்கவில்லை.