பொறுங்க டாக்டர்

அவசரப் பிரிவு டாக்டரம்மாவுக்கு நர்சுகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘பொறுங்க டாக்டர்’. தலையில் அடிபட்ட குழந்தையோடு யார் ஓடி வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நின்று நின்று வீங்கிப்போன பாதம். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். எப்போது வருவாய் என்று வீட்டுக்காரர் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு வேன் டிரைவர் தன் நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி. கட்டிலில் குதித்து விளையாடும்போது விழுந்துவிட்டாளாம். நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். மயக்கம் இல்லை. டாக்டர் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்தார், மண்டையைத் தடவினார், நடக்கவைத்துப் பார்த்தார்.

“ஸ்கேன் எடுத்துடுங்க மேடம். மனசு கேக்கல.”

“பொறுங்க. பிஞ்சுத் தலைப்பா. தேவையில்லாம உள்ள கதிர் பாய்ச்ச வேணாம். கண்ணு முன்னாடியே வச்சுப் பாப்போம். மோசமாச்சுன்னா நானே தூக்கிட்டு ஓடுவேன்.” பிறகு அம்மாவிடம் திரும்பி, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். “வீட்ல என்ன பண்ணி உங்க உயிர வாங்குவா?”

“யாரு செருப்பக் கழட்டினாலும் ஒத்தச் செருப்ப ஒளிச்சு வச்சிடுவா. இவரு பாதி நாள் வெறுங்காலோடதான் வண்டி ஓட்டுறாரு.”

“அந்தச் சேட்டை திரும்பணும். அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்.”

சேட்டை திரும்பவில்லை. குழந்தை வாந்தி எடுத்தாள்.

“பாத்தீங்களா மேடம்?”

“ஏங்க, வெளிய தூக்கிட்டுப் போயி என்ன குடுத்தீங்க?” என்றாள் மனைவி.

“தூங்கிடக் கூடாதேன்னு ஜூஸ்.”

“எத்தன?”

“ரெண்டு. அழுதுகிட்டே கேட்டா, எப்படி இல்லேங்கறது?”

ஜூஸா, மூளையா? வெளியிலிருந்து பார்த்து யார் சொல்வது? குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டுகொண்டாள். அடுத்த ஷிப்ட் டாக்டர் வந்துவிட்டான்.

“ஸ்கேன் எழுதிட்டுக் கிளம்புங்கக்கா. நாளைக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

“கேக்க மாட்டாங்க,” என்றார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார்.

அடிக்கடி விரலை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள், பேசவில்லை. வாந்தி மறுபடி வரவில்லை. ஆனால் முகத்தில் தெளிவும் வரவில்லை. இவ்வளவு நேரம் அந்த அப்பாவைக் காக்கவைத்தது சரிதானா என்று டாக்டருக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்பாவின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்.

“இன்னும் சுணக்கமாத்தான் இருக்கா. எடுத்துடலாம்பா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்.”

எழுந்து, காலால் செருப்பைத் துழாவினார். ஒன்று அகப்பட்டது. இன்னொன்றைக் காணோம். குனிந்து பார்த்தார், கட்டிலுக்கடியிலும் இல்லை.

நிமிர்ந்தபோது குழந்தை எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலையணையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

“என் செருப்பு எங்கடி?”

“எனக்குத் தெரியாதே. காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்.”

அப்பா சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். டாக்டர் மறுபடி கண்ணில் வெளிச்சம் அடித்தார், நடக்கவைத்தார். பிறகு அப்படியே ஸ்டூலில் சரிந்தார்.

“ஸ்கேன் வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அனுப்பறேன்.”

“அவகிட்டேருந்து செருப்ப வாங்கித் தரட்டுமா மேடம்?” என்றாள் அம்மா.

“பொறுங்க,” என்றார். “அவளே குடுக்கட்டும்.”