டியூஷன் சென்டர் ஃப்ளெக்ஸில் என் மாணவி

இன்று மாலை வெள்ளறடை பஸ்ஸில், போன வருடம் பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கு படித்த மாணவியும் அவளுடைய அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“ஜங்ஷன்ல டியூஷன் சென்டர் ஃப்ளெக்ஸ்ல மோளுக்க போட்டோ பாத்தீங்களா டீச்சரே? கணக்குல ஏ பிளஸ். எல்லாம் அவங்க புண்ணியமாக்கும். ஸ்கூலை நம்பியிருந்தா தோத்திருப்பா. ஒண்ணும் நினைக்கப்படாது,” என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். ஸ்கூலை மட்டும் நம்பித்தான் போனேன்.

அந்த வருடம் முழுக்க, மணியடித்த பிறகும் அவளை உட்காரவைத்துக் கணக்கு சொல்லித் தந்தது நான்தான். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் கையைக் கிள்ளினாள்.

அம்மா இறங்குவதற்காகக் கதவருகே போனதும் காதில் சொன்னாள்: “டீச்சரே, காட்டிக்குடுத்திராதீங்க. டியூஷனுக்குப் போறேன்னு சொல்லிட்டாக்கும் உங்ககிட்ட இருந்தேன். அங்க எனக்கு ஒண்ணும் புரியாது. ஃபீஸ் கட்டினதுக்காக்கும் அவங்க போட்டோ வச்சது. அம்மை அறிஞ்சா கொன்னுபோடும்.”

ஆக, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு, அந்த அம்மாவிடம் சொல்லவே முடியாத ஒன்று.

அந்த ஃப்ளெக்ஸை எப்போது கழற்றுவார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தினமும் அதன் கீழே நின்றுதான் பஸ் பிடிக்கிறேன்.